சேர்வராயன் மலையில் மூன்று நாள் நடை: முதல்முறை போகிறவர்கள் திட்டம் போடுவது எப்படி

பல நாள் நடைக்குத் திட்டம் போட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ராத்திரி எங்கே படுப்பது, நடுவழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும், யாருக்காவது கால் பிசகினால் எந்த இடம் வரைக்கும் வண்டி வரும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் தூரம் தன்னால் அமைந்துவிடும். தெரியாமல் கிளம்பினால் 10 கிலோமீட்டர்கூட உதைக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு இதைப் பழகிப் பார்க்கச் சேர்வராயன் மலையை விட நல்ல இடம் இல்லை. பஸ் ஏறினால் மேலே போய்விடலாம். ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஏதாவது தவறினாலும் அன்றைக்கே கீழே இறங்கிவிடலாம். இங்கே மூன்று நாள் ஒழுங்காக நடந்து பழகினவர்கள் பிறகு இமயத்துக்கோ வெளிநாட்டு நெடுந்தடங்களுக்கோ போகும்போது இதே கணக்கைப் பெரிதாக்கிக்கொண்டால் போதும்.

முதலில் படுக்கை

நெடுந்தடங்களில் இரண்டு வகை உண்டு. ஸ்பெயினில் உள்ள கமினோ போலவோ, டார்ஜிலிங் பக்கம் 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பு போலவோ, ராத்திரி போய்ச் சேருகிற இடத்தில் கூரையும் சாப்பாடும் கிடைக்கிற தடம் ஒரு வகை. கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் முதுகில் தூக்கிக்கொண்டு போவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் பை 14, 15 கிலோவுக்குக் குறையாது. முதல்முறை போகிறவருக்கு அது வேண்டாம்.

சேர்வராயன் மலையில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. காப்புக்காட்டுக்குள் கூடாரம் அடிக்க முடியாது, தனியார் எஸ்டேட்டில் கேட்காமல் அடிக்கக் கூடாது. ஆகவே ஏற்காட்டு டவுனில் லாட்ஜ், அல்லது சுற்றியுள்ள கிராமங்களில் ஹோம்ஸ்டே. கிளம்புவதற்கு முன்பே எல்லா இரவுகளுக்கும் இடம் சொல்லிவைத்துவிடுங்கள். போனில் பேசும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: ராத்திரி சாப்பாடு உண்டா, காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறப்பார்களா, துணி காயவைக்க மழை படாத இடம் இருக்கிறதா, மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது. கடைசிக் கேள்விதான் முக்கியம். "ஏற்காட்டிலேயே இருக்கு" என்று சொல்லப்படும் பல இடங்கள் டவுனிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காரில் வருகிறவர்களுக்கு அது தூரமே இல்லை. நாள் முழுக்க நடந்து வருகிறவருக்கு அது இன்னும் இரண்டு மணி நேரம்.

எந்த மாதம்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. இதுதான் எங்கள் கணிப்பு. காலையில் குளிரும் பனிமூட்டமும் இருக்கும். ஒன்பது மணிக்குமேல் விலகிவிடும். காபி பழம் பறிக்கும் காலம் என்பதால் எஸ்டேட் பக்கமெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும், வழி கேட்க ஆள் கிடைக்கும்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மரம் விழும், மண் சரியும். டிசம்பர் தொடக்கத்தையும் நம்ப முடியாது: 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் தொடக்கத்தில்தான் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றது. மார்ச், ஏப்ரலில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும், காட்டுத்தீக் காலம். மே மாதம் கோடை விழாக் கூட்டம், அறை கிடைக்காது, ரோட்டில் வண்டி ஓயாது, மத்தியானத்துக்குமேல் இடி மழை வேறு. ஆகஸ்ட், செப்டம்பரில் பச்சையாக இருக்கும், நடக்கலாம். ஆனால் தினமும் நனையத் தயாராக இருக்க வேண்டும்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி கீழே இருப்பதைவிட மேலே எட்டு டிகிரி குறைவாக இருக்கும். கீழே சேலம் ஐந்து ரோட்டில் வேர்க்கிறது என்பதற்காக ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏரிக்கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பதை எல்லா ஜனவரியிலும் பார்க்கலாம்.

எங்கே நடக்கலாம், எங்கே கூடாது

இந்த மலையில் காலடியில் இருக்கும் நிலம் மூன்று வகை. பஞ்சாயத்து ரோடும் நெடுஞ்சாலையும் பொது வழி, யாரும் நடக்கலாம். எஸ்டேட் ரோடு தனியார் நிலம். வாட்ச்மேனிடமோ அலுவலகத்திலோ கேட்டு, சரி என்றால் போகலாம். மூன்றாவது காப்புக்காடு. அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி குற்றம். "ஊர்க்காரங்க எல்லாரும் போறாங்களே" என்ற வாதம் செல்லாது. அவர்கள் தங்கள் ஊருக்குப் போகிறார்கள்.

அனுமதி விஷயத்தில் வனத்துறை கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று மாநில அளவில் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசுத் திட்டம் 40 தடங்களோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்துகொண்டால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். சேலம் மாவட்டத்துத் தடங்களும் அதில் உண்டு. உங்கள் மூன்று நாளில் ஒரு நாளைக் காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால், அந்த வழியாகவே போங்கள். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத பாதை என்றால் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்பது ஒன்றே வழி.

கொண்டை ஊசி வளைவு ரோட்டில் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறலாமே என்று தோன்றும். 20 வளைவு, ஆயிரம் மீட்டருக்குமேல் ஏற்றம், உடம்புக்கு நல்ல வேலைதான். ஆனால் பல இடங்களில் தடுப்புச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் இருக்காது. வளைவில் திரும்புகிற லாரி டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பஸ்ஸில் ஏறுங்கள்.

வரைபடமும் நேரக் கணக்கும்

கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீர்கள். அது காட்டுகிற பல வெள்ளைக் கோடுகள் எஸ்டேட்டுக்குள் போகும் ரோடுகள், நடுவில் பூட்டிய கேட் இருக்கும். ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மேண்ட் செயலியில் சேலம் பகுதியை வீட்டிலேயே தரவிறக்கிவைத்தால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், ஒற்றையடிப் பாதைகளும் ஓரளவுக்கு இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தையும் அவர்களுடைய இணையதளத்தில் கணக்குத் தொடங்கி எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு சமஉயரக் கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர். கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் செங்குத்து என்று அர்த்தம்.

நேரம் போடுவதற்கு நைஸ்மித் என்பவர் 1892-ல் சொன்ன விதி இன்றைக்கும் உதவும்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பையோடு நடக்கும் புதியவருக்கு மணிக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 14 கிலோமீட்டர், ஏறி இறங்குவதில் ஏற்றம் மட்டும் கூட்டினால் 300 மீட்டர். நடைக்கு மூன்றரை மணி, ஏற்றத்துக்கு அரை மணி, ஆக நான்கு மணி நேரம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வும் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடமும் சேர்த்தால் ஐந்தேகால், ஐந்தரை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டு மணிக்கு முடியும்.

ஏன் மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும்? ஒன்று, இடி மழை பெரும்பாலும் மூன்று மணிக்குமேல் வரும். இரண்டு, குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காட்டெருமை ரோட்டுக்கு வருகிற நேரமும் அதுதான். மூன்று, உங்கள் கணக்கு தப்பினால் தாங்கிக்கொள்ள மூன்று மணி நேரம் கையிருப்பு வேண்டும். கூட்டமாகப் போனால் மெதுவாக நடக்கிறவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகமும். அவரைக் கடைசியில் விடாமல் முன்னால் விடுங்கள்.

ஒரு வரைவு

முதல் தடவை இரண்டு இரவும் ஏற்காட்டு டவுனில் ஒரே லாட்ஜில் தங்குவது போலப் போடுங்கள். அறையில் சாமானை வைத்துவிட்டு வெறுங்கையோடு நடக்காமல், முழுப் பையையும் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். பழகுவது அதற்குத்தானே. ஏதாவது தாங்கவில்லை என்றால் மறுநாள் அறையில் விட்டுவிடலாம் என்கிற வசதி இருக்கிறது.

முதல் நாள், காலை பஸ்ஸில் ஏறி, டவுனில் ஒண்டிக்கடை என்ற பகுதியில் டிபன் முடித்துக்கொண்டு பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனை வரை போய்த் திரும்புவது. ஒரு வழி 4, 5 கிலோமீட்டர்தான். வேண்டுமென்றே குறைவாக வைக்கிறோம். பையின் வார் எங்கே அறுக்கிறது, காலுறை எங்கே மடிகிறது என்பதெல்லாம் முதல் மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள்தான் நீண்ட நாள். ஏற்காட்டைச் சுற்றிக் காபித் தோட்டங்களுக்கும் மலைக்கிராமங்களுக்கும் நடுவே போகிற லூப் ரோடு மொத்தம் 32 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே நாளில் நடக்க நினைக்காதீர்கள். காலையில் கிராமத்துப் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, டவுனை நோக்கி 15, 16 கிலோமீட்டர் நடந்து வாருங்கள். பஸ் நேரத்தை முதல் நாளே டிரைவரிடமோ டீக்கடையிலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டவுனைப் பார்த்து நடப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: நேரம் ஆக ஆகப் படுக்கையை நெருங்கிக்கொண்டே இருப்பீர்கள். வெளியே போய்த் திரும்புகிற நடையில் களைப்பு தெரியும்போதுதான் அதே தூரம் மீதம் இருக்கும்.

மூன்றாம் நாள் சேர்வராயன் கோயில். ஏரியிலிருந்து ஒரு வழி 6, 7 கிலோமீட்டர், மலையின் உச்சிப் பகுதி, சுமார் 1,620 மீட்டர். குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமத்து மக்கள் எல்லாரும் வந்து கூடுவார்கள். குகை வாசல் தாழ்வானது, பையைக் கழற்றி வெளியே ஒருவர் காவலில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். மேலே வெட்டவெளி, மரம் கிடையாது, காற்று பலமாக வீசும். திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன் சேலம் பஸ்.

கிளியூர் அருவியை இந்த மூன்று நாளில் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மழை பெய்த பிறகுதான் அதில் தண்ணீர் இருக்கும். மழை பெய்த பிறகு அங்கே இறங்குகிற வழி வழுக்கும். கனமான பையோடு இறங்க வேண்டிய இடமல்ல.

அடுத்த தடவை, ஒவ்வோர் இரவும் வேறு ஊரில் தங்குவது போலப் போடலாம். அதற்கு அடுத்து கொல்லிமலை, கல்வராயன் மலை.

உடம்பைப் பழக்குதல்

எட்டு வாரம் வேண்டும். முதல் நான்கு வாரம் வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம் வெறும் நடை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் 8, 10 கிலோமீட்டர். ஐந்தாவது வாரத்திலிருந்து பையில் 4 கிலோ ஏற்றுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போட்டால் ஆயிற்று, வலித்தால் கொட்டிவிடலாம். எட்டாவது வாரத்துக்குள் 8 கிலோவுக்கு வந்துவிட வேண்டும்.

ஊத்துமலை முருகன் கோயில் படிகள் சேலத்துக்காரர்களுக்கு இலவச ஜிம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் இங்கே கவனம் வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதில் ஏற்படும் நுண்ணிய சிதைவுதான் மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிக்கிறது. ஆகவேதான் மூன்று நாள் நடையில் இரண்டாம் நாள் காலை பலருக்கும் படி இறங்க முடியாமல் போகிறது. இந்த வலிக்கு மருந்து, முன்கூட்டியே பலமுறை இறங்கிப் பழகியிருப்பதுதான்.

கடைசி இரண்டு வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடக்க வேண்டும். ஒரே நாளில் 20 கிலோமீட்டர் நடந்துவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். மறுநாள் காலை அதே கால்களோடு மறுபடி 12 நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. கஞ்சமலை கிரிவலப் பாதை சனிக்கிழமைக்கு, ஊத்துமலை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பை

மொத்த எடை, தண்ணீர் உட்பட, உங்கள் எடையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 10 கிலோ. அதற்குள் எப்படி அடங்கும் என்றால்: காலிப் பை 1.4 கிலோ, மழைக்கோட்டும் பைக்கு உறையும் 400 கிராம், துணிமணி ஸ்வெட்டரோடு ஒன்றரைக் கிலோ, போர்வை 600 கிராம், நொறுக்குத் தீனியும் ஒருவேளை அவசர உணவும் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், மருந்து 400 கிராம், போன், பவர் பேங்க், தலையில் கட்டும் டார்ச் சேர்ந்து 600 கிராம், சோப்பு சீப்பு வகையறா 400. கூட்டினால் 9.3. இதற்குமேல் ஒரு பொருள் ஏற வேண்டுமானால் ஒரு பொருள் இறங்க வேண்டும்.

துணி விஷயத்தில் ஒரே ஒரு விதி: பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காயாது, உட்கார்ந்ததும் குளிரும். பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை போதும். விதிவிலக்கு ஈரிழைத் துண்டு. கனமான டர்க்கி டவலை வீட்டில் வைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள், கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், கழுத்தில் கட்ட, தலையில் போட, கையில் தொட்டில் கட்ட என்று எல்லாவற்றுக்கும் உதவும்.

அடுக்குகிற விதம்: பைக்குள் முதலில் ஒரு பெரிய குப்பைப் பையை விரியுங்கள். வெளியே போடுகிற மழை உறை முதுகுப் பக்கம் திறந்தே இருப்பதால் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். உள்ளே இருக்கும் குப்பைப் பைதான் துணியைக் காப்பாற்றும். அடியில் போர்வை, முதுகை ஒட்டி நடுவில் கனமானவை, மேலே மழைக்கோட்டு, சாப்பாடு. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிவிட்டுப் பிறகுதான் தோள் வாரை இழுக்க வேண்டும். எடையில் பெரும்பகுதி இடுப்பில் இறங்க வேண்டும். தோள் மட்டும் வலிக்கிறது என்றால் பட்டை வயிற்றில் நிற்கிறது என்று பொருள்.

கால்

பாதியில் திரும்புகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புவது கொப்புளம். ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் வாய்ப்பு குறையும்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். வாங்கியபின் குறைந்தது 50 கிலோமீட்டர் நடந்து பழக்கிவிட்டுத்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். புது ஷூவோடு நேராக மலைக்கு வருவது வினையை விலைக்கு வாங்குவதுதான். காலுறை மூன்று ஜோடி: ஒன்று காலில், ஒன்று பையின் மேல் காய்ந்துகொண்டு, ஒன்று ராத்திரிக்கு மட்டும்.

நடக்கும்போது எங்காவது சுருக்கென்று சூடு தெரிந்தால் அடுத்த டீக்கடை வரட்டும் என்று இருக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றுங்கள். காலைத் துடைத்து இரண்டு நிமிடம் காற்றாட விட்டு, சிவந்த இடத்தின் மேல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லூக்கோபிளாஸ்ட்டை ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, மூலைகளை உருட்டிக் கத்தரித்து ஒட்டுங்கள். கூர்மூலை இருந்தால் அங்கிருந்து உரிந்து சுருண்டு, அதுவே புதுக் கொப்புளத்துக்கு வழிசெய்யும். ஏற்கெனவே நீர் கோத்துவிட்டதென்றால் தோலை உரிக்க வேண்டாம். சின்னதாக இருந்தால் அப்படியே மூடிவிடுங்கள்.

இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துப்போகும். இறங்க ஆரம்பிக்கும் முன் நாடாவைக் கணுக்காலுக்குக் கீழே இறுக்கி, கடைசித் துளைகளில் இரட்டை முடிச்சுப் போட்டால் கால் முன்னால் சறுக்காது. நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். எஸ்டேட் சரிவுகளில் காய்ந்த சில்வர் ஓக் சருகு கனமாகப் படிந்திருக்கும். ஈரப் பாறையைவிட அதில் விழுகிறவர்கள்தான் அதிகம். குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதும் பதித்து, பக்கவாட்டில் இறங்குங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். ஆகக் காலையில் கிளம்பும்போது ஆளுக்கு மூன்று லிட்டர். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று பொருள். பிளாஸ்டிக் பாக்கெட்டுகளை மலையில் வாங்கி எறியும் வேலை வேண்டாம்.

ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மலையில் ஓடைக்கு மேல்பக்கம் பெரும்பாலும் ஒரு எஸ்டேட் இருக்கும். கொதிக்க வைத்தாலும் குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் காத்திருந்தாலும் கிருமி சாகும். உரமும் பூச்சிமருந்தும் போகாது. காபி பழத்தைத் தோலெடுக்கும் மாதங்களில் பல்ப்பர் என்ற தோலெடுக்கும் இயந்திரத்தின் கழிவு கலந்தால் தண்ணீர் புளித்த வாடை அடிக்கும். குடிக்கிற தண்ணீரை ஊர்க்குழாயிலோ கடையிலோ பிடித்துக்கொள்ளுங்கள், கேட்டால் எந்த வீட்டிலும் கொடுப்பார்கள். ஓடையை முகம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது வயிறு முட்டச் சாப்பிட்டால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி போதும். கடலை மிட்டாய் 100 கிராமில் சுமார் 500 கலோரி, எடைக்கு லாபமான தின்பண்டம். பேரீச்சை, பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை. மத்தியானத்துக்கு முதல் நாள் வீட்டிலிருந்து புளிசாதம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஆறியபின் கட்டினால் மேலே இருக்கும் குளிர்ச்சியில் சாயங்காலம் வரை கெடாது. சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி நசநசத்துப்போகும். மற்ற இரண்டு நாளும் சப்பாத்தியோ இட்லிப் பொடி தடவிய இட்லியோ ஓட்டலில் கட்டித் தரச் சொல்லுங்கள். அவல் கால் கிலோ, வெல்லம் கொஞ்சம், அவசரத்துக்கு; பச்சைத் தண்ணீரில் ஊறிவிடும், அடுப்பு வேண்டாம். தட்டுவடை செட் கீழே இறங்கி வந்தபின்.

ஓஆர்எஸ் பாக்கெட் ஆளுக்கு இரண்டு. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கெட்டியாகக் கலப்பது நல்லதல்ல. தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

எதிரே வருகிறவை

காட்டெருமை. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காபிச் செடிக்கு நடுவே பகலிலேயே நிற்கும். கூட்டமாக இருப்பதைவிடத் தனியாக நிற்கும் ஆண் ஆபத்து. குறைந்தது 50 மீட்டர் விலகி நில்லுங்கள், செல்பி வேண்டாம். சீறினாலோ தலையைத் தாழ்த்தினாலோ முதுகைக் காட்டி ஓடாமல் பின்னாலேயே மெல்ல நகருங்கள். பாய்ந்து வந்தால் பெரிய மரத்துக்குப் பின்னால். பனிமூட்டத்தில் நடக்கும்போது பேசிக்கொண்டே போங்கள், திடீரென்று முன்னால் போய் நிற்பதுதான் பிரச்சினை.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மோதிரம், கொலுசு, வாட்ச் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பாம்பைவிடக் கிராமத்து நாய் கடிப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்: சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி. சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சேர்வராயன் கோயில் மேட்டில் இருந்தால் உடனே இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மேலே திரும்பாதீர்கள். பாறைகளில் மலைத்தேனீக் கூடு தொங்குவதைப் பார்த்தால் சத்தம் போடாமல் சுற்றிப் போங்கள். சென்ட் வேண்டாம். தீ மூட்டுவது எங்கேயும் எப்போதும் கூடாது, பீடித்துண்டு உட்பட.

வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் தாள்

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, தாளில் எழுதினாலும் சரி, இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள். யார் யார் போகிறார்கள், அவர்களுடைய போன் எண், இரத்த வகை, யாருக்கு என்ன மருந்து. ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, எந்த வழி, ராத்திரி தங்கும் இடத்தின் எண். வழியில் எந்தெந்த இடத்தில் பஸ் ரோட்டைத் தொடும் என்பது. எல்லாவற்றுக்கும் கீழே, "சாயங்காலம் ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் தங்குமிடத்துக்குப் போன் செய்யவும், எட்டு மணிவரை தகவல் இல்லையென்றால் 112" என்று எழுதுங்கள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், போனை நடக்கும்போது விமான நிலையில் வைத்து, சிக்னல் இருக்கும் மேட்டில் மட்டும் திறந்து ஒரு செய்தி அனுப்பினால் பேட்டரி சாயங்காலம் வரை தாங்கும். சிக்னல் தேடித் தேடியே போன் செத்துப்போவது இங்கே வாடிக்கை.

இறங்கிய பிறகு

அன்று ராத்திரியே ஷூவின் உள்ளட்டையை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். துணிகளை வெந்நீரில் துவைத்துவிட்டுக் குளியுங்கள். குளிக்கும்போது அக்குள், இடுப்புப் பட்டை பட்ட இடம், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதரிலும் புல்லிலும் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் பரவலாக வருகிறது. கடித்து 6 நாள் முதல் 21 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால், மலைக்குப் போனதையே அதற்குள் மறந்திருப்பீர்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அதிலும் உடம்பில் எங்காவது சிகரெட் சூடு பட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு தெரிந்தால், டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக மலைக்குப் போன தேதியைச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.